பதினொரு ஸ்நேகங்கள்

எங்கள் வீட்டுக்குப் புத்தக அலமாரி வந்த வாரம் என் புத்தி எப்படியெல்லாம் போனது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மறைத்தும் பயனில்லை. என் மனைவி ஏற்கெனவே நாலைந்து பேரிடம் சொல்லியாயிற்று. அவள் சொல்வதைவிட நான் சொன்னால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.

கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் இருப்பது ஒரு மாடி வீடு. கீழே சுக்கு மூட்டைகள் வைக்கும் பழைய கிடங்கு. மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். பன்னிரண்டு வருடமாக எங்கள் புத்தகங்கள் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டிகளிலும், பீரோ மேலும், பழைய தையல் மிஷின் மேலும் கிடந்தன. ராமபாணப் பூச்சி எங்கள் இருவரையும்விட அதிகமாகப் படித்திருந்தது. கடைசியில் ஒரு ஆசாரியைப் பிடித்து, முன்னறைச் சுவரில் ஈரம் ஏறாதபடி நாலு விரல் இடைவெளி விட்டு, ஆறு தட்டு அலமாரி ஒன்றை அடித்து வைத்தோம்.

என் மனைவி கணக்கு டீச்சர். பிறந்து வளர்ந்தது இதே மட்டாஞ்சேரியில்தான். அவள் குடும்பம் மிளகு வியாபாரத்துக்காக வந்து மூன்று தலைமுறை ஆகிறது. வீட்டில் பேச்சு தமிழ். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம். தமிழை அவள் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். வல்லார்பாடம் துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களுக்கு வேண்டிய காகிதங்களைத் தயார் செய்யும் ஒரு அலுவலகத்தில் வேலை. மலையாளம் பேசக் கற்றது சாயாக்கடையில். வாசிக்கக் கற்றது பஸ் போர்டில். ஏலூர் பஸ்ஸில் ‘ஏ’ வந்தது, ஆலப்புழை பஸ்ஸில் ‘ழ’ வந்தது. அச்சடித்த பெரிய எழுத்தென்றால் தடவித் தடவி வாசித்துவிடுவேன். கையெழுத்தென்றால் எனக்கு அது கோலம்.

ஆகையால் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மொழியில் படித்துக்கொண்டிருந்தோம். அவள் படிக்கும்போது சிரிப்பாள். அடக்கிப் பார்ப்பாள், முடியாது, தோள் குலுங்கும். நான் இந்தப் பக்கம் இருந்து, “என்ன சிரிக்கறே?” என்பேன். “அது தமிழ்ல சொன்னா வராது” என்பாள். பன்னிரண்டு வருடமாக அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த ஊர் மழையைப் பொறுத்துக்கொண்டேன், கொசுவைப் பொறுத்துக்கொண்டேன். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. அவளைச் சிரிக்க வைப்பது யாரோ ஒருவர் எழுதிய காகிதக் கட்டு. நான் பக்கத்தில் தலையணை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சிரிப்பில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று இருந்தது. அதுதான் இந்தக் கதை முழுக்க எனக்கு வேண்டியிருந்தது.

அலமாரி வந்த வாரம் அவளுக்குக் காக்கநாட்டில் மூன்று நாள் ஆசிரியர் பயிற்சி. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். எனக்கு விடுப்பு மிச்சம் இருந்தது. “நானே அடுக்கிடறேன்” என்றேன்.

“எப்படி வேணும்னாலும் அடுக்குங்க. பின்னே, நான் தேடினா கிட்டணும், அத்ரதான்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

இடம் ஒதுக்குவது என் தொழிலின் பக்கத்துத் தொழில். முதலில் வெளியே போக வேண்டிய பெட்டி மேலே இருக்க வேண்டும் என்பது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். முந்நூறு புத்தகம் என்ன பெரிய விஷயம் என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

முதல் நாள் மொழிவாரியாக அடுக்கினேன். மலையாளம் நாலரைத் தட்டு வந்தது. தமிழ் ஒரு தட்டைத் தாண்டவில்லை. அதிலும் பாதி பழைய வார இதழ்களின் சிறப்பு மலர்கள். தள்ளி நின்று பார்த்தேன். அவள் வீட்டில் நான் ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருப்பதுபோல் இருந்தது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். அவள் வந்து பார்த்தபோது தரையெல்லாம் புத்தகம், அலமாரி காலி. “நல்லா இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாம் நாள் அகரவரிசை. இரண்டு மொழியையும் கலந்து, எழுதியவர் பெயரை வைத்து ஒரே வரிசையாக நிறுத்தினால் என்னுடையதும் அவளுடையதும் தோளோடு தோள் நிற்கும் என்பது என் கணக்கு. நமக்கு ஒரு ‘க’, அவர்களுக்கு நாலு. போகட்டும், நாலையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம் என்று தாராளமாக முடிவெடுத்தேன். பெயரில்தான் மாட்டிக்கொண்டேன். நம்மவர்களுக்கு முன்னெழுத்து அப்பா பெயர். மலையாளத்தில் அது ஊரா, வீட்டுப்பெயரா, அப்பாவா என்று எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். முதுகட்டையில் எழுத்துகளை வேறு நெளித்து வளைத்துப் போட்டிருந்தார்கள். உள்ளே அச்சில் தெளிவாக இருக்குமே என்று முதல் பக்கத்தைத் திறந்தேன்.

திறந்த பக்கத்தில் மேலே, வலது ஓரத்தில், நீல மசியில் என் மனைவி பெயர். கீழே ஒரே ஒரு சொல். உருண்டை உருண்டையாக, கரும்பலகையில் எழுதுவதுபோல் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. விரல் வைத்து வாசித்தேன். ஸ்நே, ஹ, த்தோ, டெ. ஸ்நேகத்தோடெ. அதன் கீழே முழுப் பெயர், அதுவும் அதே உருண்டை எழுத்தில். யார் என்று புரிய எனக்கு அரை நிமிடம் ஆயிற்று. அவள் பள்ளிக்கூடத்து மலையாள மாஷ்.

மாஷ் என்றால் இங்கே ஆண் ஆசிரியர். இந்த மாஷ் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். என் வயதுதான் இருக்கும். முடி மட்டும் என்னைவிட அதிகம். நல்ல குரல். மாடிப்படி ஏறும்போதே ஏதாவது கவிதை சொல்லிக்கொண்டு ஏறுவார். “எந்தா சாரே, சுகமல்லே?” என்று என் கையைப் பிடித்துக் குலுக்குவார். சாயா குடித்துவிட்டு நல்ல சாயா என்பார். சாயா போட்டது நான்.

அடுத்த புத்தகத்தைத் திறந்தேன். வேறு யாரோ கோலம் போட்டிருந்தார்கள், விட்டுவிட்டேன். அதற்கடுத்ததில் மறுபடி அதே உருண்டை எழுத்து, அதே சொல், அதே பெயர். அப்புறம் நான் அகரவரிசையை மறந்துவிட்டேன். முந்நூறு புத்தகத்தின் முதல் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். மாஷ் கொடுத்தவை பதினொன்று. பதினொரு முறை ஸ்நேகம்.

நான் முழுத் தமிழனாக இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். நமக்குச் சிநேகம் என்றால் நட்பு. ரயிலில் எதிர் சீட்டுக்காரரோடு முறுக்கைப் பகிர்ந்துகொண்டால் அது ரயில் சிநேகம். அதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் பன்னிரண்டு வருடம் மலையாள சினிமா பார்த்தவன் நான். மலையாளத்தில் ஸ்நேகம் என்றால் அன்பு, காதல், எல்லாம் அதுதான் என்று கதாநாயகன் மழையில் நனைந்துகொண்டே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். என் மலையாளத்தை நினைத்து நானே பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது.

பதினொன்றையும் வரிசையாகத் தரையில் பரப்பிவைத்துப் பார்த்தேன். எல்லாம் கசங்கியிருந்தன. நன்றாகப் படிக்கப்பட்ட கசங்கல். ஒன்றில் சாம்பார்க் கறை. ஒன்றில் என் மோட்டார் சைக்கிள் சர்வீஸ் ரசீதை மடித்து அடையாளம் வைத்திருந்தாள். நான் அவளுக்குக் கொடுத்த புத்தகங்களைத் தேடினேன். இரண்டு தமிழ் நாவல்கள், கல்யாண நாளுக்கு ஒன்றாக இரண்டு வருடம் வாங்கியவை. வாங்கி வந்தபோது இருந்த மினுமினுப்பு அப்படியே இருந்தது. முதல் பக்கத்தில் நான் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

சாயங்காலம் அவள் வந்ததும் சாயா போட்டுக் கொடுத்தேன். சாதாரணமாகக் கேட்பதுபோல், “உங்க மலையாள மாஷ் எப்படி இருக்கார்?” என்றேன்.

“அவருக்கென்ன, சுகமா இருக்கார். அவரும் டிரெயினிங்குக்கு வந்திருக்கார். ஒரே பஸ்ஸுதான்.”

மட்டாஞ்சேரியிலிருந்து காக்கநாடு ஒன்றேகால் மணி நேரம். போக ஒன்றேகால், வர ஒன்றேகால். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. “எதுக்குக் கேட்டீங்க?” என்றாள். “சும்மா” என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் அலமாரியை அடுக்க எனக்கு ஒரே ஒரு நோக்கம்தான் இருந்தது. அந்தப் பதினொன்றும் ஒன்றையொன்று பார்க்கக்கூடாது. பொருள்வாரியாக அடுக்கினால் முக்கால்வாசி கதைகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். மொழிவாரி கூடவே கூடாது. ஒவ்வொரு முறையாக அந்தப் பதினொன்றை மனதில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் உயரம் என்று முடிவு செய்தேன். உயரப்படி அடுக்கினால் மாஷ் ஆறு தட்டிலும் சிதறிப் போவார். குட்டையான இரண்டு, கீழ்த்தட்டில் என் தீபாவளி மலர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. நெட்டையான மூன்று, ஸ்டூல் போட்டாலும் அவளுக்கு எட்டாத உச்சித் தட்டுக்குப் போயின. யாராவது கேட்டால் பார்க்க ஒழுங்காக இருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்காக ஸ்கேல் வைத்து அளந்து அடுக்கினேன். அவ்வளவு கவனமாக என் அலுவலகத்தில்கூட வேலை செய்ததில்லை.

அவள் வந்து பையைக்கூட இறக்காமல் அலமாரி முன்னால் நின்றாள்.

“என்ன இது, ஸ்கூல் அசெம்பிளியா? குள்ளன் முன்னே, உசரக்காரன் பின்னேன்னு நிறுத்தி வெச்சிருக்கு?”

“பார்க்க ஒழுங்கா இருக்குமேன்னு.”

“நான் தேடினா கிட்டணும்னு சொன்னேனே.”

“எதைத் தேடறே?”

அவள் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னாள். உச்சித் தட்டில் இருந்தது. மாஷுடையது. அவள் கேட்ட முதல் புத்தகமே அதுதான் என்றதும் எனக்குள் பிடித்து வைத்திருந்தது உடைந்துவிட்டது.

“அதைத்தான் கேப்பேன்னு தெரியும். ஸ்நேகத்தோடெ குடுத்த புத்தகமாச்சே!”

அவளுக்குப் புரியவில்லை. நான் ஸ்டூல் மேல் ஏறி, எக்கி, அதை இழுத்து, முதல் பக்கத்தைத் திறந்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். “பதினொண்ணு. எண்ணிட்டேன்” என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பக்கத்தைப் பார்த்தாள். “அதாக்கும் காரியம்?” என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு மலையாளப் புத்தகங்களைவிட அந்தச் சிரிப்பு ஆத்திரமாக இருந்தது.

சிரித்து முடித்து எழுந்தாள். அலமாரியிலிருந்து கைக்கு வந்த புத்தகங்களை உருவி, முதல் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்தாள். எனக்குக் கோலமாகத் தெரிந்த கையெழுத்துகள். அவள் விரலை வைத்து வாசித்துக் காட்டினாள். “இது எங்க ஹெச்.எம். அம்மா எழுதினது. ஸ்நேகத்தோடெ. இது என் கூடப் படிச்சவ. ஸ்நேகத்தோடெ. இது பாங்க்ல இருந்து ரிட்டயர் ஆன என் பெரியப்பா. சஸ்நேகம். அதுவும் அதுதான். எங்க ஹெச்.எம். அம்மாவுக்கும் என் மேல பிரேமமாக்கும்? புத்தகம் குடுத்தா எல்லாரும் இதுதான் எழுதுவாங்க. நீங்க ‘அன்புடன்’னு எழுதமாட்டீங்களா? அதே சங்கதி.”

நான் எழுதியதில்லை.

விஷயம் இதுதான். அவள் புத்தகங்களில் நாற்பது ஐம்பது பேர் ஸ்நேகத்தோடெ என்று எழுதியிருந்தார்கள். பஸ் போர்டு படித்தவனால் வாசிக்க முடிந்தது ஒரே ஒருவர் எழுத்தை. அவர் மலையாள மாஷ், குழந்தைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவர். அழகாக எழுதியதுதான் அந்த மனிதர் செய்த குற்றம்.

அத்தோடு என் எரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. அவமானம் ஒரு பக்கம் இருக்க, எரிச்சலும் இருந்த இடத்திலேயே இருந்தது. “சரி, ஹெச்.எம். ஒண்ணு குடுத்தாங்க. அவர் எதுக்குப் பதினொண்ணு?” என்றேன்.

அவள் இப்போது சிரிக்கவில்லை. “மாஷ் ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் குடுத்தார். அவங்க யாரும் வாயிக்கல. நான் வாயிச்சேன். வாயிச்சு முடிச்சா எப்படி இருந்ததுன்னு கேப்பார். நான் சொல்லுவேன். அப்புறம் அடுத்தது கொண்டுவருவார்.” அவளுக்குப் படிப்பது என்றால் பரீட்சைக்குப் படிப்பது; புத்தகத்தை ‘வாயிப்பது’தான். “நீங்க ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?”

“எத்தனை தடவை கேட்டிருக்கேன்! நீதானே தமிழ்ல சொன்னா வராதும்பே?”

“நீங்க கேக்கிறது எதுக்குச் சிரிக்கறேன்னு. போலீஸ் கேக்கற மாதிரி. எப்படி இருக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.”

நான் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்தேன். அவள் சொன்னது உண்மை. பன்னிரண்டு வருடமாக அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தேனே தவிர, புத்தகத்தைப் பற்றி நான் எதுவுமே கேட்டதில்லை. மாஷ் கேட்டார். அவர் மேல் பொறாமைப்பட எனக்கு இப்போது ஒழுங்கான காரணம் கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இருவருமாக எல்லாவற்றையும் மறுபடி இறக்கினோம். “யாரு வாயிச்சதுன்னு பாத்து வெப்போம்” என்றாள் அவள். அவள் வாசித்தவை மூன்று தட்டு. நான் வாசித்தவை ஒரு தட்டு. யாரும் வாசிக்காதவை ஒரு தட்டு. நான் கல்யாண நாளுக்குக் கொடுத்த இரண்டு நாவல்களும் அந்தத் தட்டுக்குத்தான் போயின. அவள் கண்ணாலேயே கேட்டாள். நானும் வாசித்ததில்லை என்று ஒப்புக்கொண்டேன். அட்டை நன்றாக இருந்ததே என்று வாங்கியது.

ஆறாவது தட்டு இருவரும் வாசித்தவற்றுக்கு. அதில் வைக்க ஒரு புத்தகம்கூட இல்லை. முந்நூறில் ஒன்றுகூட இல்லை. தேடினோம், சும்மா இருக்க முடியாமல் இன்னொரு முறையும் தேடினோம். சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினேன். “அதை ரெண்டு பேரும் பாத்தோம், வாயிக்கல” என்றாள். மற்றத் தட்டுகளில் பூச்சிக்கு வைத்தது போக மிஞ்சிய இரண்டு பாச்சை உருண்டைகளை அந்தக் காலித் தட்டில் வைத்தாள். வெறும் பலகையில் அவை அங்குமிங்கும் உருண்டுகொண்டிருந்தன.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட பிறகு அவள் ஒரு மெல்லிய புத்தகத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நான் வாயிக்கறேன், நீங்க கேளுங்க. புரியலைன்னா நிறுத்தச் சொல்லுங்க” என்றாள். முதல் பக்கத்தைப் புரட்டும்போது அந்த நீல மசி கண்ணில் பட்டது. நாற்பது ஐம்பது பேர் கொடுத்ததில் இவருடையதைத்தான் எடுக்க வேண்டுமா என்று கேட்க வந்தது. கேட்கவில்லை.

ஒரு கிணற்றைப் பாகம் பிரிக்க முடியாமல் அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி கதை. முதல் ஞாயிறு அரைக்கு அரை புரிந்தது. இரண்டாம் ஞாயிறு, தம்பி தன் பாதிக் கிணற்றுக்கு மட்டும் மூடி செய்து கொண்டுவந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அவள் வாசிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அது தமிழில் சொல்லாமலே வந்திருந்தது. மூன்றாம் ஞாயிறு தம்பி வளைகுடாவுக்குப் போய்விட்டான், கதையும் அவனோடு போய்விட்டது. நாலாம் ஞாயிறு முடித்தோம். அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, “எப்படி இருந்தது?” என்று கேட்டாள். பன்னிரண்டு வருடத்தில் அவளும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “முதல் பாதி பிரமாதம். தம்பி வெளிநாடு போனதும் கதை படுத்துடுச்சு. கிணறு இருந்தாத்தான் ரெண்டு பேரும் மனுஷங்க” என்றேன். சொல்லும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது. இது முழுக்க என் சொந்தக் கருத்து. எவரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

அவள் முகம் மலர்ந்தது. “அதேதான்! மாஷும் இதேதான் சொன்னார். அட்சரம் மாறாம இதேதான். நானும் அவர்கிட்ட ஆமான்னேன்.”

நான் எழுந்து போய்ச் சாயாவுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன். பிறகு, “யோசிச்சுப் பாத்தா அப்படிச் சொல்ல முடியாது. ரெண்டாவது பாதிதான் கதைக்கே உயிர்” என்றேன்.

“என்ன?”

“முதல் பாதி வெறும் தமாஷ்.”

அவள் எழுந்து நின்றுவிட்டாள். இப்போதுதானே வேறு சொன்னீர்கள் என்றாள். புத்தகத்தைப் பிரித்து வரிகளைக் காட்டினாள். நான் வேறு வரிகளைக் காட்டினேன். பாதியைத் தப்பாக வாசித்தேன், அதைத் திருத்திவிட்டு மேலும் சண்டை போட்டாள். சாயாவுக்கு வைத்த தண்ணீர் அடுப்பில் வற்றிப்போய் மறுபடி வைக்க வேண்டியிருந்தது. மாஷிடம் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தவள், என்னிடம் இருட்டும்வரை மல்லுக்கட்டினாள். நான் சொன்னது தவறு என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.